46-க்கும் 50-க்கும் நடுவுல மூணு மாசம்!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு உங்க போன் அடிச்சா என்ன நினைப்பீங்க? ஒண்ணு, ஹாஸ்டல் ஃப்ரெண்டு எவனுக்கோ லவ் ஃபெயிலியர். ரெண்டு, ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லை. போன ஜனவரியில எனக்கு அடிச்ச போன்ல இந்த ரெண்டும் இல்லை. எடுத்ததும் ஒரே ஒரு நம்பர்தான் வந்துச்சு.

"அண்ணா... 46-ணா."

நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தி பொண்ணு. தூக்கக் கலக்கத்துல, "என்னம்மா 46? வெயிட்டா?"ன்னு கேட்டுத் தொலைச்சுட்டேன். அந்தப் பக்கம் அழுகை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அன்னிக்கு அவளுக்கு 'கிளெப்' பரீட்சை.

கிளெப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ இன்ட்ரோ. எஸ்.ஏ.டி. நடத்தும் அதே காலேஜ் போர்டு, 1967-லிருந்து அமெரிக்காவில் நடத்திவரும் தேர்வு இது. ஒரு பாடத்துக்கு ஒரு செமஸ்டர் முழுக்க கிளாஸ்ல உட்கார்றதுக்குப் பதிலா, வீட்ல நீங்களாவே படிச்சுட்டு வந்து ஒரே ஒரு பரீட்சை எழுதலாம். பாஸ் பண்ணினா, ஒத்துக்கொள்ளும் காலேஜ்கள் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைக் கொடுத்துடும். அப்படி ஒத்துக்கொள்ளும் காலேஜ்கள் அங்கே 2,900-க்கும் மேல. கணக்கு, வரலாறு, ஸ்பானிஷ்னு முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கு. நம்ம தங்கச்சி எழுதினது 'இன்ட்ரொடக்டரி சைக்காலஜி'. வழக்கமா மூணு கிரெடிட்.

மார்க் 20-ல ஆரம்பிச்சு 80 வரைக்கும். பல காலேஜ்கள் கேட்கும் ஸ்கோர் 50. இது நூத்துக்கு அம்பதுன்னு நினைச்சுடாதீங்க. நீங்க சரியாப் போட்ட விடைகளை ஒரு ஸ்கேலுக்கு மாத்தி வர்ற நம்பர் அது. கிளாஸுக்குப் போய் 'சி' கிரேடு வாங்கற மாணவரோட லெவல்தான் அந்த 50. ரிசல்ட்டுக்காக வாரக்கணக்குல காத்திருக்கவும் வேண்டாம். கம்ப்யூட்டர்ல எழுதி முடிச்சதும் ஸ்க்ரீன்லயே ஸ்கோர். அவளுக்கு வந்தது 46. நாலே நாலு பாயின்ட்!

நாலு பாயின்ட்தானே, அடுத்த வாரம் எழுதிக்கலாமேங்கறீங்களா? அதே பாடத்தைத் திரும்ப எழுத மூணு மாசம் காத்திருக்கணும். அரியர் வெச்சு அடுத்த செமஸ்டருக்காகக் காத்திருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும்.

அவ நிலைமை கொஞ்சம் சிக்கல். சித்தப்பா அங்கே பெட்ரோல் பங்க்ல வேலை பார்க்கிறார். (பெட்ரோலை நாமே போட்டுக்கக் கூடாதுன்னு அமெரிக்காவிலேயே இன்னும் சட்டம் வெச்சிருக்கும் ஒரே மாநிலம் நியூஜெர்சி. அந்தச் சட்டம்தான் எங்க சித்தப்பாவுக்குச் சோறு போடுது.) இவ ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுக்கிட்டே சாயங்காலம் மருந்துக் கடையில பில் போடறா. செப்டம்பர்ல நாலு வருஷ யுனிவர்சிட்டிக்கு மாறணும். அதுக்கு சைக்காலஜி கிரெடிட் ஒண்ணு பாக்கி. கோடையில கிளாஸ்ல சேர்ந்து முடிக்கலாம்தான். ஆனா அதுக்குச் சில நூறு டாலர் ஃபீஸ், போதாக்குறைக்கு கிளாஸ் நேரமும் கடை ஷிஃப்ட்டும் ஒண்ணோடு ஒண்ணு முட்டுது. கிளெப்புக்கு ஏறக்குறைய 100 டாலர், தேர்வு மையம் தனியா வாங்கும் சின்ன கட்டணம், அவ்ளோதான். அதனாலதான் இந்த ரூட்டைப் பிடிச்சா. சித்தப்பாவுக்கு ஆரம்பத்துல இருந்தே சந்தேகம். "கிளாஸுக்கே போகாதவளுக்கு எவன் கிரெடிட் குடுப்பான்? ஏதோ ஏமாத்து வேலை"ன்னு. இப்போ 46 வந்ததும் அவர் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

என்கிட்ட ஏன் அழுதான்னா, நான் எம்.எஸ்சி. சைக்காலஜி. குடும்பத்துல யாருக்குத் தலை வலிச்சாலும் எனக்குத்தான் போன்!

"சரி, எப்படிப் படிச்சே?"ன்னு கேட்டேன்.

"புஸ்தகத்தை மூணு தடவை முழுசாப் படிச்சேன்ணா. முக்கியமான வரியெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர். மூணாவது தடவை படிக்கறப்போ எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஹால்ல ஆப்ஷனைப் பார்த்தா எல்லாமே சரி மாதிரியே இருக்கு."

ஃப்ரெண்ட்ஸ், இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. 'தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு'ங்கற அந்த நாலு பாயின்ட் வியாதி நம்மில் பாதிப்பேருக்கு இருக்கு. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரைப் பார்க்கறீங்க. முகம் நல்லாத் தெரிஞ்ச முகம். பேரு? வராது! முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கறது வேற, பேரை உள்ளேயிருந்து எடுத்துட்டு வர்றது வேற. சைக்காலஜி பாஷையில முதலாவது 'ரெககனிஷன்', ரெண்டாவது 'ரீகால்'. திரும்பத் திரும்பப் படிச்சா முகம்தான் நல்லாப் பழகுது.

"நான் ஆப்ஷன்ல டிக் பண்ணத்தானே போறேன், அதுக்கு முகம் தெரிஞ்சாப் போதாதா?"ன்னு அவளும் கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு ஆப்ஷன். அந்த அஞ்சுமே புஸ்தகத்துல வர்ற பழகின முகங்கள். எல்லாத்துக்கும் ஹைலைட்டர் அடிச்சவளுக்கு அஞ்சு பேரும் சொந்தக்காரங்க மாதிரித்தான் தெரிவாங்க.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? இதை எப்படிச் சரி பண்றதுங்கற விஷயம் அவ மூணு தடவை ஹைலைட்டர் அடிச்ச அதே புஸ்தகத்துல, 'மெமரி' சாப்டர்ல இருக்கு. பரீட்சைக்கு வர்ற பாடமே பரீட்சைக்கு எப்படிப் படிக்கணும்னும் சொல்லித்தருது. கெமிஸ்ட்ரிக்கோ அக்கவுன்ட்ஸுக்கோ இந்தச் சலுகை கிடையாது!

2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு சின்னக் கட்டுரை. ஒரு குரூப் அதை நாலு ரவுண்டும் படிச்சாங்க. இன்னொரு குரூப் ஒரே ஒரு ரவுண்டு படிச்சாங்க. மிச்ச மூணு ரவுண்டும் கட்டுரையைப் பார்க்காம, ஞாபகம் இருக்கறதைத் தாள்ல எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா, நாலு ரவுண்டு படிச்சவங்க கெத்து! அவங்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 71. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வெச்சா கதை தலைகீழ். படிச்சவங்க 40, எழுதிப் பார்த்தவங்க 61. இதுல நமக்கு உறைக்க வேண்டிய மேட்டர் ஒண்ணு இருக்கு. ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்னாடியே கேட்டப்போ, ஓவர் கான்ஃபிடன்ஸோட இருந்தது நாலு ரவுண்டு படிச்ச குரூப்தான்!

டன்லாஸ்கியும் அவரோட சகாக்களும் 2013-ல் பத்து வகைப் படிப்பு முறைகளை அலசி ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. ஹைலைட்டர் அடிக்கறதுக்குக் கிடைச்ச ரேங்க் 'குறைந்த பயன்'. 'அதிக பயன்' லிஸ்ட்ல வந்தது ரெண்டே ரெண்டு. தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக்கறது, நாட்களைப் பிரிச்சுப் பிரிச்சுப் படிக்கறது.

மறுநாள் அவகிட்ட சொன்னேன். "மெமரி சாப்டரை ஒரு தடவை படி. மூடி வை. வெள்ளைத் தாள்ல ஞாபகம் இருக்கறதை எழுது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

வாட்ஸ்அப்ல வந்த தாள்ல மொத்தம் ஆறே வரி! நாலாவது தடவையா படிச்ச சாப்டர் அது. கூடவே ஒரு மெசேஜ்: "நான் நிஜமாவே மக்காணா?"

உண்மையைச் சொல்றேன், இந்த முறையில கஷ்டமே இந்த இடம்தான். ஹைலைட்டர் அடிச்சா மனசுக்கு இதமா இருக்கும். வெள்ளைத் தாள் மூஞ்சியில அறையும். பலபேர் இந்த முறையை ரெண்டு நாள்ல விட்டுட்டு ஓடறதுக்குக் காரணம், நமக்கு எவ்வளவு தெரியாதுன்னு அது பட்டவர்த்தனமாக் காட்டிக்கொடுத்துடும். அவளுக்கு நான் சொன்ன ஒரே சமாதானம் இதுதான்: "இந்த ஆறு வரி ஜனவரியில ஹாலுக்குப் போறப்பவும் ஆறு வரியாத்தான்டா இருந்திருக்கும். அப்போ உனக்குத் தெரியலை, இப்போ தெரியுது." எழுதாம விட்டதைப் புஸ்தகத்தைத் திறந்து பச்சை மையில சேர்க்கச் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வெள்ளைத் தாள். இந்தத் தடவை முக்கால் பக்கம் வந்துச்சு.

அடுத்து ஷூ டப்பா டெக்னிக். ஜெர்மன்காரர் செபாஸ்டியன் லைட்னர் 1970-கள்ல பிரபலப்படுத்தின முறை. சின்னச் சின்ன கார்டு. முன்னாடி கேள்வி, பின்னாடி பதில். டப்பாவுல மூணு அறை. எல்லா கார்டும் முதல் அறையில தொடங்கும். பதில் சரியா சொன்னா அடுத்த அறைக்குப் ப்ரமோஷன், தப்பா சொன்னா மறுபடி முதல் அறை. முதல் அறையைத் தினமும், ரெண்டாவதை மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணாவதை வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும். அவ இருபது இருபது கார்டா பாக்கெட்ல போட்டுக்கிட்டு மருந்துக் கடைக்குப் போனா. பிரேக்ல பத்து நிமிஷம், பஸ்ல பதினஞ்சு நிமிஷம். ஒரே நாள்ல உட்கார்ந்து மண்டையில ஏத்தறதைவிட இப்படித் துண்டு துண்டா படிக்கறது எவ்வளவோ மேல்னு 1885-லேயே ஜெர்மனியில எபிங்ஹாஸ் தன்னையே எலியா வெச்சு ஆராய்ஞ்சு எழுதிட்டார்.

கார்டுல என்ன எழுதணுங்கறதுலதான் சூட்சுமம். 'வில்ஹெல்ம் வுன்ட், 1879, லைப்ஸிக், முதல் சைக்காலஜி லேப்' மாதிரி ஒற்றைவரி சமாச்சாரமும் வேணும்தான். ஆனா இந்தப் பரீட்சை குறிவைக்கிறது இரட்டைப் பிள்ளைகளை! பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஜோடி வார்த்தைகள். ஒரு சாம்பிள் பார்ப்போமா?

கார்ல சீட் பெல்ட் போடலைன்னா 'பீப் பீப்'னு கத்துது. போட்டதும் நிக்குது. அடுத்த தடவையில இருந்து ஏறினவுடனே பெல்ட்டை மாட்டிக்கறீங்க. இதுக்குப் பேர் என்ன?

'பனிஷ்மென்ட்'னு சொன்னீங்களா? போச்சு! இது 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்'. நெகட்டிவ்னா கெட்டதுன்னு அர்த்தமில்லை, ஒண்ணை எடுத்துடறது, கழித்தல் குறி மாதிரி. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா அந்தப் பழக்கம் அதிகமாகுதுன்னு அர்த்தம். இரைச்சல் போச்சு, பெல்ட் போடற பழக்கம் கூடுச்சு. ரூம் சுத்தமாகற வரைக்கும் அம்மா புலம்பறதும் இதே டெக்னிக்தான்! பனிஷ்மென்ட்னா பழக்கம் குறையணும். வண்டியை வேகமா ஓட்டி ஃபைன் கட்டினதுக்கப்புறம் மெதுவா ஓட்டறீங்களே, அது பனிஷ்மென்ட்.

இதே மாதிரி நிறைய ஜோடி. புது போன் நம்பர் மனப்பாடம் ஆனதும் பழைய நம்பர் மறந்துபோனா 'ரெட்ரோஆக்டிவ்' குறுக்கீடு. பழைய நம்பர் வந்து வந்து புதுசைக் கெடுத்தா 'ப்ரோஆக்டிவ்'. ஆய்வுக்கு ஆட்களைக் குலுக்கல்ல தேர்ந்தெடுக்கறது 'ரேண்டம் சாம்ப்ளிங்'. தேர்ந்தெடுத்தவங்களைக் குலுக்கல்ல ரெண்டு குரூப்பா பிரிக்கறது 'ரேண்டம் அசைன்மென்ட்'. இந்த ஜோடிகளை ஒரே கார்டுல எதிரெதிரா எழுதி, கீழே சொந்தமா ஒரு உதாரணம். சொந்த உதாரணம் எழுத வரலைன்னா அந்த கார்டு புரியலைன்னு அர்த்தம்.

கதையோட வர்றதுக்கு கார்டே வேண்டாம். 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளை ஆபரேஷன் செய்துகொண்ட எச்.எம். என்பவர் கதையைச் சொன்னதும் தங்கச்சி அப்படியே பிடிச்சுக்கிட்டா. மூளையின் ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவருக்குப் புதுசா எந்த நிகழ்ச்சியும் மனசுல தங்கலை. ஆனா கண்ணாடியில பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தா நாளுக்கு நாள் நல்லா வரைஞ்சார். முந்தாநாள் வரைஞ்சதே அவருக்கு ஞாபகம் இருக்காது! கைக்கு ஒரு ஞாபகம், கதைக்கு வேற ஞாபகம். ஒரே மனுஷனை வெச்சு மூணு நாலு கேள்விக்கு விடை ரெடி.

அவ பண்ணின இன்னொரு தப்பையும் சொல்லிடறேன். நூலகத்துல கழிச்சுக்கட்டின பழைய புஸ்தகத்தை ரெண்டு டாலருக்கு வாங்கியிருந்தா. அதுல மனநோய்களை அஞ்சு 'ஆக்ஸிஸ்'ஸா பிரிக்கும் முறையை ரெண்டு நாள் உட்கார்ந்து உருப்போட்டிருக்கா. 2013-ல் டி.எஸ்.எம். 5 வந்தப்பவே அந்த முறையைத் தூக்கிட்டாங்க! 'ஆஸ்பெர்ஜர்' என்ற தனிப் பெயரும் அப்பவே போயிடுச்சு. ஸோ, 2013-க்கு முந்தின புஸ்தகம்னா அந்த சாப்டரை நம்பாதீங்க. ஓசியிலேயே நல்ல புஸ்தகம் கிடைக்குது. ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'சைக்காலஜி', ரெண்டாம் பதிப்பு 2020. டவுன்லோடு பண்ணிக்கலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு தொண்டு அமைப்பு கிளெப்புக்கு இலவச ஆன்லைன் கோர்ஸ் நடத்துது. கோர்ஸை முடிச்சவங்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சரும் கொடுத்திருக்காங்க. அப்ளை பண்றதுக்கு முன்னால நிபந்தனைகளைப் படிச்சுக்கோங்க. கூடவே காலேஜ் போர்டு வெளியிடும் மாதிரி வினாக்களும் கட்டாயம்.

புஸ்தகத்துல இருக்கற சில பிரபல கதைகள் இப்போ ஆட்டம் கண்டிருக்கு. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் சும்மா வேடிக்கை பார்த்தாங்கங்கற கதை மிகைன்னு பின்னாடி தெரிஞ்சுது. 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை மேலயும் ஏகப்பட்ட கேள்விகள். ஆனா அதைச் சாக்கா வெச்சு அந்தப் பக்கத்தைத் தாண்டிடாதீங்க. கூட்டத்துல உதவிக்குக் கை குறையுதுங்கறதை டார்லியும் லட்டானேவும் 1968-ல் தனியா சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. கேள்வி அங்கிருந்து வரலாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கு. இதை இவ்வளவு தள்ளி வந்து சொல்றேன்னு திட்டாதீங்க, அவளுமே லேட்டாத்தான் பண்ணினா. காலேஜ்ல கேட்கணும்! கிளெப்பை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அந்தந்த காலேஜோட இஷ்டம். சிலர் 50-க்கு மேல கேட்பாங்க. சிலர் கிரெடிட் கொடுப்பாங்க, ஆனா உங்க மேஜருக்குன்னு எடுத்துக்க மாட்டாங்க. நர்ஸிங், சைக்காலஜி மாதிரி கோர்ஸ்கள்ல இது அடிக்கடி நடக்கும். அதுலயும் இடம் மாறப் போறவங்க ரெண்டு காலேஜையும் கேட்கணும். பழைய காலேஜ் ஏத்துக்கிட்டதைப் புது யுனிவர்சிட்டி ஏத்துக்கணும்னு சட்டம் இல்லை. பிப்ரவரியிலதான் அவ யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டா. நல்லவேளை, 50 போதும்னு பதில் வந்துச்சு. வரலைன்னா அந்த முதல் 100 டாலர் சும்மாவே போயிருக்கும். அந்த மெயிலைப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னேன். வாய்ப்பேச்சை நம்பக் கூடாது.

பரீட்சை ஹால் மேட்டரும் சுருக்கமா. 95 கேள்வி, 90 நிமிஷம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட முழுசா கிடையாது. தெரியாததை மார்க் பண்ணிட்டு நகர்ந்துடணும், கடைசியில திரும்பி வரலாம். தப்புக்கு மைனஸ் மார்க் இல்லைங்கறதால ஒண்ணையும் காலியா விடக் கூடாது. ஜனவரியில இவ ஏழு கேள்வியை அப்படியே விட்டுட்டு வந்திருக்கா, "தெரியாததை எப்படிணா போடறது"ன்னு! நல்ல பிள்ளையா வளர்த்ததோட விளைவு. முந்தின நாள் ராத்திரி கார்டுகளைச் சித்திகிட்ட கொடுத்துட்டுத் தூங்கச் சொன்னேன். படிச்சது மூளையில படியறதுக்குத் தூக்கம் வேணும்ங்கறதும் சிலபஸ்லதான் இருக்கு.

ஏப்ரல் கடைசியில அதே மாதிரி ராத்திரி பதினொன்றரைக்கு போன். இந்தத் தடவை நான் தூங்கலை.

"அண்ணா, 58!"

பின்னாடி சித்தப்பா குரல் கேட்டுச்சு. "நிஜமாவே குடுக்கறானுங்களா? எழுதிக் குடுத்திருக்கானுங்களா?"ன்னு இன்னும் விசாரணை! ஸ்கோர் பேப்பரை அவர் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"அண்ணா, அந்த ஷூ டப்பா காலியாத்தான் இருக்கு. அடுத்தது சோஷியாலஜியும் கிளெப்லயே எழுதிடலாம்னு பார்க்கறேன். இன்னிக்கே கார்டு எழுத ஆரம்பிச்சுட்டேன்."

"யுனிவர்சிட்டியில ஏத்துக்குவாங்களான்னு கேட்டியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"...மெயில் போட்டுட்டுப் பேசறேன்ணா."